அட்டைப்பெட்டியக்காவும் கைதூக்கிகளும்

அந்தக் குடியிருப்பில் யாராவது புது ஃபிரிட்ஜ் வாங்கினால், ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அதன் அட்டைப்பெட்டி மூன்றாம் மாடிக்குப் போய்விடும். மிக்ஸி வாங்கினாலும் அப்படித்தான், செருப்பு வாங்கினாலும் அப்படித்தான். மூன்றாம் மாடியில் அட்டைப்பெட்டியக்கா இருக்கிறாள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் வங்கிக்காரர்களைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

அவள் முன்பு ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் வாங்கிப் போடுகிற கவுன்ட்டரில் இருந்தாள். ஒருநாள் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். மற்றவர்கள் கடைசிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு மூக்கைச் சிந்தியபடி வீட்டுக்குப் போனார்கள். இவள் மட்டும் மேனேஜர் முன்னால் போய் நின்று, "சார், அந்த எடை மெஷினும் டேப் ஒட்டுற கருவியும் இனி உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டு, இரண்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை போன செய்திக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கதவைத் திறந்தவர், எடை மெஷினோடு நிற்கும் மனைவியைப் பார்த்ததும் ஆறுதலை மறந்துவிட்டு ஒரு பக்கம் கை கொடுத்துத் தூக்கினார்.

அன்றிலிருந்து அவளுக்கு இணைய ஏலம்தான் தொழில். எல்லார் வீட்டுப் பரணிலும் ஏதாவது ஒன்று சும்மா கிடக்கும். பழைய கேமரா, ஒருமுறைகூட ஏறி மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிள், தாத்தாவின் கைக்கடிகாரம். அதைத் துடைத்து, படமெடுத்து, உள்ளதை உள்ளபடி எழுதி, ஏலத்தளத்தில் போடுவாள். ஒரு வாரம் ஏலம் நடக்கும். ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராக விலை ஏற்றுவார்கள். கடைசியில் யார் கேட்டது உசத்தியோ அவருக்குப் பொருள். அவர் பணம் கட்டினதும் இவள் பெட்டி கட்டுவாள். விற்றதில் ஒரு சின்னப் பங்கு இவளுக்கு.

பணம் கட்ட வேண்டும் என்பது தளத்தின் விதி. கட்டுகிறார்களா என்பது வேறு கதை. உலகத்தில் எத்தனை விதமான மனிதர்கள் உண்டோ அத்தனை விதத்திலும் பணம் கட்டாத ஆட்கள் உண்டு என்பதை அக்கா இந்தத் தொழிலில்தான் கண்டுகொண்டாள். அவர்களுக்குக் கைதூக்கிகள் என்று பெயர் வைத்திருந்தாள். ஏலத்தில் கையை மட்டும் தூக்குவார்கள். அதே கையைப் பணப்பையில் விட மாட்டார்கள்.

பல் டாக்டரிடம் முறை வருவதற்காகக் காத்திருந்தபோது, பயத்தை மறக்க ஒரு தையல் மெஷினை ஏலத்தில் எடுத்த ஆள் ஒருவர். பல்லோடு ஆசையும் போய்விட்டது. பைனாகுலர் ஒன்றை ஜெயித்த இன்னொருவரிடம் அவர் மனைவி, "இதை வெச்சு யாரைப் பாக்கப் போறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதற்குமேல் அவர் தளத்தின் பக்கமே வரவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து அந்த உடற்பயிற்சி சைக்கிள். இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் மோதி, புது சைக்கிள் விலையையே தாண்டிவிட்டார்கள். ஜெயித்தவர் பணம் கட்டவில்லை. சரி, இரண்டாவதாகக் கேட்டவருக்குத் தரலாம் என்று போன் செய்தால், இரண்டு எண்ணுக்கும் ஒரே வீடு. கணவன் ஹாலில், மனைவி படுக்கையறையில். ஒருவருக்கொருவர் ஆச்சரியப் பரிசு தரத்தான் அந்தப் போட்டி!

ஆரம்பத்தில் அக்காவுக்கு இதெல்லாம் சிரிப்பாக இல்லை. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பணம் கட்டாதவர்களுக்குப் பக்கம் பக்கமாகச் செய்தி அனுப்புவாள். அதில் ஒருவர் பதிலுக்கு, 'பொருள் பார்க்கவில்லை, ஆனால் இந்தப் பெண்மணிக்கு வாய் நீளம்' என்று அவள் கணக்கின் கீழ் கருத்து எழுதி வைத்தார். அதை அழிக்கவே முடியவில்லை. வீட்டில் சண்டை வந்தால் லிஃப்ட் மெக்கானிக் அந்த வரியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுவார்.

போகப் போக அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் சும்மா இருப்பது. பிறகு ஒரு ஞாபகக் குறிப்பு. அதற்கும் அசையவில்லை என்றால் ஒரே ஒரு போன். தளத்தில் புகார் கொடுப்பது அதற்கும் பிறகுதான். போனில் திட்டக் கூடாது. "மறந்துட்டீங்களா, மனசு மாறிடுச்சா? ரெண்டும் நடக்கிறதுதான். எதுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் அடுத்த ஆளைப் பாப்பேன்" என்று மட்டும் கேட்பாள். திட்டை எதிர்பார்த்துக் குரலைத் தயார் செய்து வைத்திருந்தவர்கள் அப்படியே மெழுகாய் இளகிவிடுவார்கள். பாதிப் பேர் அன்றைக்கே பணம் கட்டினார்கள். மீதிப் பேர் கதை சொன்னார்கள். கதை கேட்பதும் அவளுக்குப் பிடித்துப்போனது.

ஊரார் கைதூக்கிகளைச் சமாளித்தவளுக்கு, சோதனை சொந்த வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

அவளுக்கு ஒரு நாத்தனார். கணவரின் தங்கை. இரண்டு பேருக்கும் பேச்சு உண்டு, போக்குவரத்து உண்டு, ஆனால் நடுவில் எப்போதும் ஒரு ஜோடி வளையலும் உண்டு. மாமியார் போனபின் வீட்டைக் காலி செய்தபோது, துருப்பிடித்த இரும்பு பீரோவை அக்காதான் பழைய இரும்புக்காரரிடம் போட்டாள். அதன் ரகசிய அறையில் அம்மாவின் வளையல் இருந்தது என்பது நாத்தனாரின் நம்பிக்கை. ரகசிய அறையே கிடையாது என்பது அக்காவின் வாதம். அந்த வளையல் என்ன ஆனது, இருந்ததா இல்லையா என்பது இன்றைக்குவரை ஒருவருக்கும் தெரியாது. நாத்தனார் அதைப் பற்றி வாய்திறந்து கேட்டதில்லை. கேட்காமலேயே இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நாத்தனார் ஒரு மத்தியான வேளையில் மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க, பெட்டிகளுக்கு நடுவில் இடம் தேடி உட்கார்ந்தாள்.

"அண்ணி, அவரோட சாமானையெல்லாம் வித்துத் தரணும்."

அவர் என்றால் அவள் கணவர். நில அளவையாளராக இருந்து, போன வருஷம் இறந்துபோனவர். பழைய அளவைக் கருவிகளைச் சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். கோணம் அளக்கும் பித்தளை தியோடலைட் ஒன்று, மட்டம் பார்க்கும் கருவி, திசைகாட்டி, மூன்று கால் ஸ்டாண்டு, எல்லாம் மரப்பெட்டிகளில் பத்திரமாக இருந்தன.

"ஏன், என்ன அவசரம்? அவரு உயிரா வெச்சிருந்தாரே."

நாத்தனார் கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகினாள். பிறகு சொன்னாள். மகன் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மகன் தங்கம், மருமகளும் கெட்டவள் இல்லை. ஆனால் இருப்பது ஒரே படுக்கையறை. இவளுக்கு ஹாலில் இருக்கும் சோபா. எல்லாரும் டிவி பார்த்து முடித்தபின் படுக்க வேண்டும், எல்லாரும் எழுவதற்கு முன் எழுந்து போர்வையை மடிக்க வேண்டும். பகலில் தலை வலித்தால்கூட நீட்டிப் படுக்க முடியாது, யாராவது வந்துவிடுவார்கள்.

"மருந்துக்கடைக்காரம்மா வீட்டு மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு அண்ணி. ஒரே ரூம்தான். ஆனா கதவு இருக்கு. சாத்திக்கலாம். வாடகை என் பென்ஷன்லயே வந்துடும். அட்வான்ஸுக்குத்தான் வழியில்ல. மாசக் கடைசி வரைக்கும் எனக்காக வெச்சிருக்கேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் வேற ஆளுக்குப் போயிடும்."

"கதவு இருக்கு" என்று அவள் சொன்ன விதம் அக்காவுக்குள் என்னவோ செய்தது. வளையலாவது ஒன்றாவது. அந்த நிமிஷமே அவள் முடிவு செய்துவிட்டாள். சாமானை விற்றே தீர வேண்டும், அந்த அறை இவளுக்குக் கிடைத்தே தீர வேண்டும்.

ஆனால் முடிவோடு கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது. இந்தப் பணத்தில் தன் விரல்கூடப் படக் கூடாது. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. அதனால் தன் கணக்கில் போடாமல், நாத்தனார் பெயரிலேயே ஏலத்தளத்தில் புதுக் கணக்குத் திறந்தாள். பணம் நேராக நாத்தனார் வங்கிக்குப் போகும். செய்திகள் நாத்தனார் போனுக்கு வரும். கடவுச்சொல்லையும் நாத்தனாரையே வைக்கச் சொல்லி, அவள் தட்டும்போது இவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எதுக்கு அண்ணி திரும்பிக்கறீங்க?"

"நீ பாட்டுக்குப் போடு. எனக்குத் தெரியவே வேணாம்."

படமெடுப்பதும் எழுதுவதும் அக்கா வேலை. தன் பழைய விற்பனைப் பக்கத்தில் எப்போதும் போடும் குறிப்புகளை அப்படியே எடுத்து நாத்தனார் பக்கத்திலும் ஒட்டினாள். போகும்போது ஒரு பாடமும் நடத்தினாள். "இதுல ஏமாத்துக்காரங்க ஜாஸ்தி. உன்னை மாதிரி புது ஆளுன்னா மொய்ச்சுடுவாங்க. பணம் வந்துச்சுன்னு தளமே உனக்குச் சொல்லும். அது இல்லாம எவனாவது லிங்க் அனுப்பு, பில் அனுப்பு, அக்கவுன்ட் நம்பர் அனுப்புன்னு கேட்டா, பதில் பேசாதே. அழிச்சுடு."

நாத்தனார் தலையை ஆட்டினாள். அவள் எதையும் ஆட்டுவதற்காக ஆட்டுகிறவள் இல்லை. சொன்னால் சொன்னபடி செய்வாள். அதுதான் வினையாகப் போனது.

ஏலம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிந்தது. அக்கா தன் போனில் பார்த்துக்கொண்டே இருந்தாள். திசைகாட்டிக்குச் சுமாராகப் போகும் என்று நினைத்தாள், நன்றாகவே போனது. தியோடலைட்டின் விலை கடைசி நிமிஷங்களில் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து லிஃப்ட் மெக்கானிக், "நான் பாக்குற லிஃப்ட் இவ்ளோ வேகமா ஏறினா புகார் கொடுத்துடுவாங்க" என்றார். எல்லாப் பொருளையும் ஒரே ஆள் எடுத்திருந்தார். அட்வான்ஸ் கொடுத்து, அறைக்கு ஒரு கட்டிலும் வாங்கலாம். அக்கா நாத்தனாருக்குப் போன் போட்டுக் கத்தினாள். அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

திங்கள் போனது. பணம் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

"எதாவது மெசேஜ் வந்துச்சா?" என்று அக்கா போனில் கேட்டாள்.

"உருப்படியா ஒண்ணும் வரலை அண்ணி. ஏமாத்துக்காரங்கதான். நீங்க சொன்ன மாதிரி அழிச்சுட்டேன்."

"நல்ல காரியம் செஞ்சே" என்று அக்கா மனதாரப் பாராட்டினாள்.

புதன்கிழமை ஞாபகக் குறிப்பு அனுப்பச் சொன்னாள். நாத்தனார் அனுப்பினாள். வியாழனும் வெறுமனே கழிந்தது. மருந்துக்கடைக்காரம்மா, வேறொரு ஆள் அட்வான்ஸோடு வந்து பார்த்துவிட்டுப் போனதாக, சும்மா தகவலுக்குச் சொல்வது போலச் சொல்லியனுப்பினாள். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கைதூக்கிகளில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள், ஆனால் இந்த ஆள்மேல் வந்த ஆத்திரம் வேறு. ஒரு பொழுதுபோக்குக்காக ஒருத்தியின் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகிறானே பாவி!

வெள்ளிக்கிழமை காலை நாத்தனார் நேரில் வந்துவிட்டாள். உட்காரவில்லை. பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடியே, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், எடை மெஷினைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது. பணம் வந்து... வேற எங்கயாவது போயிருக்குமா?"

"வேற எங்க போகும்?"

"இல்ல. மருமக சொன்னா. உங்க குறிப்பெல்லாம் ஒட்டியிருக்கே, ஒருவேளை உங்க கணக்குக்கு..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அக்காவுக்கு முகம் சுட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றது, கடவுச்சொல்லைத் தெரிந்துகொள்ளாதது, ஒரு காசு பங்கு வேண்டாமென்று மனதுக்குள் முடிவு செய்தது எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது. அவள் வாய் எவ்வளவு நீளம் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு அந்த வாய் ஏனோ திறக்கவில்லை. அவளுக்குக் கோபத்தைவிட வலிதான் அதிகமாக இருந்தது.

"போனைக் குடு" என்றாள்.

நாத்தனார் தளத்தைத் திறந்து நீட்டினாள். ஏலம் போட்டதற்குப் பிறகு முதல்முறையாக அக்கா அந்தக் கணக்கைக் கையில் வாங்கினாள். விற்ற பொருள்களுக்கு எதிரே 'பணம் வரவில்லை' என்று வரிசையாக நின்றது. பக்கத்திலேயே புகார் கொடுக்கும் பொத்தான்.

"அதை அமுக்குங்க அண்ணி. அமுக்கித் தொலைங்க. ரெண்டாவது ஆளுக்காவது குடுத்துடலாம்."

இரண்டாவது ஆள் கேட்ட விலை, கட்டில் இருக்கட்டும், அட்வான்ஸுக்கே பற்றாது. அதோடு, புகாருக்கு முன் ஒரு போன் என்பது அக்காவின் வழக்கம். ஆத்திரத்தில் இருக்கும்போதுதான் வழக்கத்தை விடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பணம் கட்டாதவரின் எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். இனி எதுவாக இருந்தாலும் இரண்டு பேர் காதிலும் விழட்டும்.

எடுத்தது ஒரு வயதான ஆண் குரல். அக்கா தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். மறந்துவிட்டீர்களா, மனது மாறிவிட்டதா என்று.

"நானா மறந்தேன்?" என்றது குரல். "ஏம்மா, வெட்கமா இல்ல உங்களுக்கு? மூணு தடவை எழுதிட்டேன், மொத்த பில் அனுப்புங்க, மொத்த பில் அனுப்புங்கன்னு. ஒரு பதில் இல்ல. அதுக்கு மேல, பணம் கட்டலைன்னு எனக்கே ஞாபகப்படுத்தறீங்க!"

"எந்த மொத்த பில்?"

"உங்க பக்கத்துலயே போட்டிருக்கீங்களே. 'ஒன்றுக்கு மேல் எடுத்தவர்கள் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டாம், கூரியர் செலவைச் சேர்த்து நான் மொத்த பில் அனுப்பும்வரை பொறுத்திருக்கவும்'னு. நான் பொறுத்திருந்தேன். பொறுத்திருக்கிறவன் திருடனா?"

அது அக்கா எழுதிய வரி. எத்தனையோ வருஷமாக அவள் பக்கத்தில் இருக்கும் வரி. அவள் கணக்கில் யாராவது இரண்டு பொருள் எடுத்தால், கை தானாகவே எடை போட்டு மொத்த பில் அனுப்பிவிடும். அதைத்தான் யோசிக்காமல் நாத்தனார் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். ஒட்டியவள், பணத்தில் விரல் படக் கூடாது என்ற வீம்பில் அதன்பின் கணக்குப் பக்கமே போகவில்லை. அந்த மனிதர் பில்லுக்குக் காத்திருந்தார், இவர்கள் பணத்துக்குக் காத்திருந்தார்கள். நடுவில் அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும், 'பில் அனுப்பு என்பவனை அழி' என்ற பாடத்தை நாத்தனார் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனாரின் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கும் புரிந்துவிட்டது.

"ஐயா, தப்பு எங்க பேர்லதான்" என்று அக்கா அவசரமாகச் சொன்னாள். "மெசேஜை அழிச்சது நான்தான். ஏமாத்துக்காரங்கன்னு நெனச்சு நானே அழிச்சுட்டேன். இப்பவே பில் அனுப்பறேன்."

"இனி எதுக்கு? நீங்கதான் ஏமாத்துக்காரங்கன்னு நான் முடிவு பண்ணிட்டேன். வேற ஒருத்தர் ஒரு தியோடலைட் வெச்சிருக்கார். மத்தியானம் போய்ப் பாக்கப் போறேன். திசைகாட்டி வேணும்னா எடுத்துக்கறேன். பெரிசு வேணாம்."

திசைகாட்டியின் பணத்தில் ஒரு பூட்டு வாங்கலாம். பூட்டுவதற்குக் கதவு வேண்டுமே. அக்கா பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, நாத்தனார் கை நீட்டிப் போனை வாங்கினாள்.

"ஐயா, அவங்க பொய் சொல்றாங்க. அழிச்சது அவங்க இல்ல. நான்தான். அது என் வீட்டுக்காரர் சாமான். எனக்கு இதெல்லாம் தெரியாது. என்மேல பழி வரக் கூடாதுன்னு அண்ணி தன் தலையில போட்டுக்கறாங்க."

அது போதாதென்று நாத்தனார் மேலே போனாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். பின்னாடி நீங்க வருத்தப்படக் கூடாது. அந்தப் பெரிய மெஷின்ல பக்கத்துல ஒரு திருகு இருக்கு பாருங்க, திருப்பி நிறுத்துவாங்களே, அது பிடிக்காது. நழுவும். போட்டோவுல தெரியாது. அவரு கையாலயே பிடிச்சுக்கிட்டு வேலை பாப்பாரு. மாத்தணும் மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, கிடைக்கலை."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். விற்கிற நேரத்தில் யாராவது இதைச் சொல்வார்களா? உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள் என்று பெயரெடுத்த அவளுக்கே இந்தத் திருகு விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பாள். ஆனால் இப்படி, ஆள் கைநழுவிப் போகும் தறுவாயில், தானாக எடுத்துக் கொடுத்திருப்பாளா? சத்தியமாக மாட்டாள்.

"எந்தப் பக்கத் திருகு?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"கீழ்ப் பக்கம். வலது கைக்கு வரும்."

"அது அந்த மாடல்ல எல்லாத்துலயும் வர்ற வியாதிதாம்மா. நானும் ரோடு போடுற வேலையில சர்வேயராத்தான் இருந்தேன். அந்தத் திருகு என்கிட்ட ரெண்டு இருக்கு. மெஷின்தான் இல்ல." குரலில் முதல்முறையாக ஒரு கனைப்பு வந்தது. "மத்தியானம் பாக்கப்போற ஆள்கிட்ட குறை எதாவது இருக்கான்னு கேட்டேன். புத்தம் புதுசு மாதிரி இருக்குங்கறார். இவ்ளோ வயசான மெஷின் எப்படிம்மா புதுசு மாதிரி இருக்கும்?"

"இருக்காதுங்க."

"பில்லை அனுப்புங்க. மொத்தத்துக்கும் அனுப்புங்க. அந்த அண்ணியை அனுப்பச் சொல்லுங்க, நீங்க அனுப்பாதீங்க."

போனை வைத்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது நாத்தனார். பிறகு அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு கட்டத்தில் நாத்தனாரின் சிரிப்பு அழுகையாகிவிட்டது. அவள் அப்படியே ஃபிரிட்ஜ் பெட்டியில் சாய்ந்து, பெட்டி அமுங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னை மன்னிச்சுடுங்க அண்ணி. நான் வந்து கேட்ட கேள்வி இருக்கே..."

"எனக்கு வலிச்சுது" என்றாள் அக்கா. மறைக்கவில்லை. "ரொம்ப வலிச்சுது. ஆனா நானும் ஒண்ணு சொல்லணும். உன் பணத்தைத் தொடமாட்டேன்னு நான் விலகி நின்னேன் பாரு, அது உனக்காக இல்ல. என் பேர் கெடக் கூடாதுன்னுதான். உன் பக்கத்துல உக்காந்து அந்தப் போனை ஒரு தடவை நான் பாத்திருந்தா, ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிருக்கும்."

"கடவுச்சொல் சொல்லட்டுமா?"

"சொல்லு. இப்ப சுவத்தைப் பாக்க நேரமில்ல."

எல்லாவற்றையும் எடை போட்டார்கள். நாத்தனார் கருவிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினாள், அக்கா அதன்மேல் பபுள் ராப் சுற்றினாள். தியோடலைட்டை மூடும் முன் நாத்தனார் அந்த நழுவும் திருகை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். மொத்த பில் போய்ச் சேர்ந்து, அடுப்பில் டீ கொதிப்பதற்குள் பணம் வந்துவிட்டது. அக்கா பெரிய பெட்டியின் நான்கு பக்கமும் டேப்பை இழுத்து ஒட்டிய சத்தம் கீழ்த்தளம்வரை கேட்டிருக்கும். மாலையில் வந்த கூரியர் பையன், "என்னக்கா, கல்லா?" என்று கேட்டபடி பெட்டியைத் தூக்கினான். மறுநாளே மருந்துக்கடைக்காரம்மாவுக்கு அட்வான்ஸ் போனது.

மாதம் பிறந்ததும் நாத்தனார் குடிபோனாள். லிஃப்ட் மெக்கானிக்கும் மகனும் கட்டிலை மாடிப்படியில் ஏற்றினார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் சாமான் ஏற்றுவது தன் தொழிலுக்கே அவமானம் என்று மெக்கானிக் வழியெல்லாம் புலம்பினார். அறை சின்னதுதான். ஒரு ஜன்னல், ஒரு அலமாரி, மூலையில் சமைக்க ஒரு மேடை. மருமகள் ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதை மாட்டியதும் வெளிச்சம் இதமாகிவிட்டது.

மருந்துக்கடைக்காரம்மா வந்து இரண்டு சாவி கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்றை நாத்தனார் இடுப்பில் செருகிக்கொண்டாள். மகன் இன்னொன்றுக்காக இயல்பாகக் கை நீட்டினான்.

"உனக்கு இல்லடா" என்றாள் நாத்தனார். "இது அத்தைகிட்ட இருக்கட்டும்."

வளையல் கதைக்குப் பிறகு வீட்டுக்கு வந்த மருமகளுக்கு வேண்டுமானால் அது வெறும் சாவி. மெக்கானிக்குக்குத் தெரியும், அது என்ன என்று. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, திரை நேராக இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார். அக்கா சாவியை வாங்கினாள். அதை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாக அக்கா மட்டும், காலிப் பெட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றாள். நல்ல பெட்டிகள், விட மனது வருமா? நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். வெளியே பட்டப்பகல்.

"அண்ணி, நான் கொஞ்சம் படுக்கட்டுமா?" என்று கேட்டாள். கேட்டபிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. "யாரைக் கேக்கறேன் பாருங்க."

காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். கண்ணை மூடியபடியே பேசினாள்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க. சாயங்காலம் டீ குடிக்க வருவீங்கல்ல? தட்ட வேணாம். தெறந்துக்கிட்டு வாங்க."

அக்கா பெட்டிக்கட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினாள். பூட்டு தானாக விழுந்தது. சாவியைப் போட்டு ஒரு தடவை திறந்து பார்க்கலாமா என்று அவளுக்குச் சின்னப்பிள்ளை போல ஆசையாக இருந்தது. வேண்டாம், தூங்கட்டும் என்று படி இறங்கினாள்.